சமையலறைக்குப் பதினோரு கிலோமீட்டர்

முன்னறையிலிருந்து சமையலறைக்கு நாலு கிலோமீட்டர் ஆகிப்போன அன்று, டீ கொண்டுவரத் தாமதமானதற்காகத் தையல்காரர் தன் மனைவியைத் திட்டினார். அவள் விடிந்ததுமே டம்ளரோடு கிளம்பியவள்தான். முன்னறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தையல் மெஷினின் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. டீ ஆறி, மேலே ஆடை கட்டி, அந்த ஆடையும் சுருங்கிப் போயிருந்தது. "இந்தா இருக்கற அடுப்படிலேர்ந்து வர இவ்ளோ நேரமா? வழியில குடித்தனம் ஏதாவது நடத்திட்டு வர்றியா?" என்றார் அவர். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். மதியச் சமையலுக்கு உலை வைக்க வேண்டும். இப்போதே கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரிசை வீடுகளில் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். தெருவைப் பார்த்த முன்னறைதான் தையல் கடை: ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, தைத்து முடித்தும் ஆள் வராத சட்டைகள் தொங்கும் ஒரு கம்பி. அதற்குப் பின்னால் இடுப்பளவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு நடை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொள்வது எப்போதும் தையல்காரர் மனைவிதான், மகளுக்கு அம்மா. நடையின் முடிவில் சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை. பின்கதவு கிடையாது. சமையலறையில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் மட்டும், சாக்கடை ஓடும் பின்சந்தைப் பார்த்துத் திறக்கும். தெருவைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் அந்த ஜன்னலடிக்கு வந்துவிடலாம். அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் இடத்தில் நிற்பாள். உள்ளே நடை வழியாகப் போனால் நாலு கிலோமீட்டர். இரண்டும் உண்மை. எதிர்வீட்டு அக்கா இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா, அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் மகள் என்பது முதலில் யாருக்கும் தெரியாது. மகளுக்கே தெரியாது. அவள் அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவளுக்கு முன்னால் யாரும் பத்தாவதைத் தாண்டவில்லை; தாண்டியதற்காக அவளை யாரும் கொண்டாடவும் இல்லை. பட்டம் வாங்கி வந்த அன்று தையல்காரர் அந்தச் சுருளைப் பிரித்து, எழுத்தைப் பார்க்காமல், ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "நல்ல கெட்டித் தாளு" என்றார். அவ்வளவுதான் விழா. பிறகு அவள் தீயணைப்பு வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதித் தேறினாள். அடுத்தது ஓட்டம். குறித்த நேரத்துக்குள் மைதானத்தைச் சுற்றி ஓடி முடித்துவிட்டால் சீருடை, வேறு ஊரில் தங்க ஒரு அறை, தன் பெயருக்குச் சம்பளம். முடிக்காவிட்டால், தையல்காரர் தன் அத்தை மகன் வீட்டில் ஏற்கெனவே பேசி வைத்திருந்த இடம். மாப்பிள்ளை நல்லவர்தான் என்றார்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்பதா அவள் பிரச்சினை?

ஓடச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மைதானமில்லை, கையில் கட்டக் கடிகாரமில்லை. இருந்தது ஒரு செல்போனும், அதில் இலவசமாக இறக்கிய ஓட்டச் செயலியும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிலிருந்த பெண் குரல் ஆங்கிலத்தில் தூரத்தையும் வேகத்தையும் சொல்லும். அதைக் கேட்டுத்தான் மகள் தனக்கு மூச்சு வாங்குகிறதா இல்லையா என்றே முடிவு செய்வாள். பால் வண்டி வரும் நேரத்தில் கிளம்பி, இருபுறமும் கதவு திறக்கும் தெருக்களில் ஓடித் திரும்புவாள். பல் துலக்கிக்கொண்டு நிற்கும் எதிர்வீட்டு அக்கா நுரையோடு சிரித்து, "வந்துட்டாப்பா ஓடுகாலி" என்பாள். வீட்டை விட்டு ஓடிப்போகிற பெண்ணுக்கு வைத்த பெயரை, ஓடிவிட்டு ஒழுங்காக வீட்டுக்குத் திரும்பி வருகிற பெண்ணுக்கும் வைத்துவிட்டார்கள். பெண் ஓடுவதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாததால் வேறு சொல்லும் இல்லை.

ஒரு நாள் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலை முதல் கிலோமீட்டரில் காதுக்குள் தமிழ் கேட்டது. "நீங்கள் ஒரு கிலோமீட்டர் கடந்துவிட்டீர்கள். உங்கள் சராசரி வேகம், ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம்." அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். வீட்டில் அவள் நீ, தெருவில் ஏய், கல்லூரி அலுவலகத்தில் ஏம்மா, கல்யாணப் பேச்சில் பொண்ணு. பிறந்ததிலிருந்து அவளை யாரும் நீங்கள் என்று சொன்னதில்லை. யாரைச் சொல்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு நாய் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அன்று அவள் இரண்டாவது கிலோமீட்டரைப் பறந்துதான் முடித்தாள். வாசலுக்கு வந்து, வழக்கம்போல் திரையின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தப் போனாள். நேற்றுவரை அதில் ஃபினிஷ் என்று இருந்தது. இன்று நிறுத்து என்று இருந்தது. கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

அந்தச் சொல் அந்த வீட்டில் தையல்காரருக்குச் சொந்தம். மகள் சத்தம் போட்டுப் பாடம் படித்தால் நிறுத்து. பத்தாவது முடித்ததும் படிப்பை நிறுத்து. அவள் நிறுத்தாமல் உண்ணாவிரதம் கிடந்து பன்னிரண்டை முடித்ததும், சரி இப்போதாவது நிறுத்து. கல்லூரி மேடையில் பேசிப் பரிசு வாங்கி வந்தால், ஊர் மேய்ந்தது போதும், நிறுத்து. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் நிறுத்து. அம்மா அடுப்படியில் ஏதாவது முனகலாகப் பாடினால், மெஷின் சத்தத்தைத் தாண்டி முன்னறையிலிருந்து அந்தச் சொல் நடை வழியாக ஓடிவரும்; பாட்டு பாதியில் நிற்கும். இத்தனை வருஷத்தில் அம்மா எந்தப் பாட்டையும் முழுதாகப் பாடி மகள் கேட்டதில்லை. மரியாதையாக நீங்கள் என்று கூப்பிட்டுவிட்டுக் கடைசியில் இந்தச் சொல்லையா நீட்டுகிறாய் என்று மகளுக்கு ஆத்திரம் வந்தது. "போடி இவளே" என்று போனைத் திட்டினாள். பொத்தானை அழுத்தாமல், காதிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, போனை நடையில் இருந்த அலமாரியில் வைத்தாள்.

ஆக, அந்த ஓட்டம் முடியவில்லை. முடியாத ஓட்டத்தின் தூரத்தை எங்காவது வைத்துத்தானே ஆகவேண்டும்? தெருவில் போட முடியாது, வண்டிகள் போகும். போன் இருந்தது நடையில். தூரமும் அங்கேயே தங்கிவிட்டது. முதல் நாள் இரண்டு கிலோமீட்டர்தான் சேர்ந்தது. அம்மா தன் கால்தான் தேய்ந்துவிட்டது என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டாள். வீட்டில் எது நடந்தாலும் முதலில் தன்மேல் சந்தேகப்படுவது அவள் வழக்கம். மறுநாள் காலை மகள் ஓடிவிட்டு வந்ததும் நாலானது. டீ ஆறிய கதை அன்றைக்கு நடந்தது.

தையல்காரர் அளவு நாடாவையும் சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டு நடைக்குள் இறங்கினார். நாடாவை வைத்து, முனையில் கோடு போட்டு, மறுபடி நாடாவை வைத்து, அப்படியே மண்டி போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது இரண்டு முழங்காலும் தோல் உரிந்திருந்தன. எத்தனை நாடா என்பது எங்கேயோ நடுவழியில் மறந்துவிட்டது. ஆனாலும் அவருக்குச் சந்தேகமில்லை. "எங்கயோ லூஸ் விழுந்திருக்கு. பிடிச்சுத் தச்சா சரியாயிடும்" என்றார். நடையில் விரித்திருந்த ரெக்சின் விரிப்பும் வீட்டோடு சேர்ந்து நீண்டுதான் கிடந்தது. அதை மடிப்பு மடிப்பாகப் பிடித்து, கோணி ஊசியால் ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கினார். விரிப்பு சுருங்கியது. நடை அப்படியே இருந்தது. அம்மாவுக்கு வெறுந்தரையில் நடப்பதால் பாதம் சில்லிட்டதுதான் மிச்சம்.

பிறகு அவரவர் அவரவருக்குத் தெரிந்தபடி சமாளித்தார்கள். மகள் பின்சந்துக்குப் போய் ஜன்னல் கம்பி வழியாகச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். குளிக்க எதிர்வீடு. தையல்காரருக்குத்தான் பாடாக இருந்தது. டீ இல்லாமல் அவர் கை நேராகத் தைக்காது. டீ வேண்டுமென்றால் சாக்கடையைத் தாண்டி, பின்சந்தில் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, பிச்சை கேட்பவர்போல் நிற்க வேண்டும். முதல் நாள் போகவில்லை. இரண்டாம் நாள் ஒரு சட்டையில் இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். அதற்கப்புறம் போனார். கம்பி வழியாக டம்ளர் வந்தது. குடித்தார். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டம்ளரைத் திரும்ப நீட்டும்போது எதைச் சொல்லித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டீ சூடாக இருந்தது.

அம்மாவும் மகளும் ஜன்னலில் பேசிக்கொள்வார்கள். போனில் இருக்கும் பெண்ணை அம்மா போன்காரி என்பாள்.

"இன்னைக்கு போன்காரி என்ன சொன்னா?"

"ஆறு நிமிஷம்னு சொன்னாம்மா."

"முந்தாநாள் ஏழுன்னியே. குறைஞ்சுடுச்சா? உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"ஐயோ, குறைஞ்சாத்தான் நல்லது. ஒரு கிலோமீட்டர் ஓட எத்தனை நிமிஷம்னு சொல்றா. நிமிஷம் குறைஞ்சா வேகம் கூடியிருக்குன்னு அர்த்தம்."

அம்மா இதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "குறைஞ்சா நல்லதா? இந்த வீட்டுல உப்பு குறைஞ்சாத் திட்டு, சர்க்கரை குறைஞ்சாத் திட்டு. குறைஞ்சதுக்கு ஒருத்தி பாராட்டறாளா?" என்றாள். அவளுக்குக் கடைசிவரை அது நம்பும்படியாக இல்லை.

ஐந்தாம் நாள் காலை, அதுவரை நிமிஷத்தை மட்டுமே காதில் வாங்கிக்கொண்டிருந்த மகள் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, "நீங்கள் ஒன்பது கிலோமீட்டர் கடந்துவிட்டீர்கள்" என்றது குரல். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அன்றைய ஓட்டத்தை எப்படியோ முடித்துவிட்டு, கடை திறந்ததும் போனைச் செல்கடைக்காரரிடம் கொண்டுபோனாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது ரிப்பேர் இல்லம்மா. நீ ஓட்டத்த முடிக்கவே இல்ல. அஞ்சு நாளா ஓடிக்கிட்டே இருக்கே."

"அண்ணே, நான் நடுவுல சாப்பிட்டேன், தூங்கினேன், குளிச்சேன்."

"ஓடிக்கிட்டேதான் எல்லாத்தையும் பண்ணியிருக்கே. இதுல அப்படித்தான் காட்டுது. மொத்தம் பதினொண்ணு."

வீட்டு நடையும் அன்று காலையிலிருந்து பதினோரு கிலோமீட்டர்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.  பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"முடியும்."

"தூரம் எங்க போகும்?"

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அதுதான் தெரியல. சுருங்கலாம். ஒரேயடியா இல்லாமலும் போயிடலாம். அந்த நேரம் நடுவுல ஆள் யாராவது இருந்தாங்கன்னா நான் பொறுப்பில்லம்மா."

கடையில் போன் திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்திருந்த எதிர்வீட்டு அக்கா, மகள் திரும்புவதற்கு முன்பே செய்தியை வீட்டில் சேர்த்துவிட்டாள். தையல்காரர் வாசலிலேயே நின்றார்.

"அழுத்து."

"மாட்டேன்."

"ஏன்?"

அதை எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு வருஷத்தையும் வாசல்படியில் கொட்டிக் காட்ட முடியுமா? அவள் போனை நீட்டினாள். "அதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிச்சுப் பாருங்க."

அவர் தள்ளிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "நிறுத்து. சரியாத்தானே எழுதியிருக்கான்?" என்றார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. மகளுக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது. வேண்டுமென்றே செய்கிற ஆளிடமாவது சண்டை போடலாம். அதற்குள் திரை அணைந்துவிட்டது; போனின் பூட்டு அவள் கட்டைவிரலுக்கு மட்டும் திறக்கும் என்பதால் அவரால் தானே அழுத்தவும் முடியவில்லை. "நீ அதை அழுத்தற வரைக்கும் ஓட்டமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. பின்ஜன்னலுக்குப் போ, வா. அத்தோட சரி" என்றார். நாற்காலியை எடுத்து வாசல்படியில் போட்டு, மடியில் சட்டைகளைக் குவித்துக்கொண்டு, பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தார். ஓட்டத் தேர்வு அந்த வாரக் கடைசியில்.

அவள் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையையும் நடையின் முடிவில்லாத பச்சைப் பெயின்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுத்தினால் தேர்வுக்குப் போகலாம். அழுத்தினால் அவர் சொல் ஜெயித்துவிடும். அழுத்தாவிட்டால் தேர்வு போய்விடும்; அப்போதும் அவர் சொல்தான் ஜெயிக்கும். அதைவிட ஒன்று அவளைக் குடைந்தது. கோபம் அவளுக்கு அப்பாமேல். ஆனால் கம்பிக்குப் பின்னால் அடைபட்டது அம்மா. அம்மாவை உள்ளே போட்டுப் பூட்டியது அவரா, தானா? எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரே சுவரில் வந்து இடித்தது. கடைசியில், போனால் போகிறது, அழுத்திவிடலாம் என்றுதான் முடிவு செய்தாள். அதற்கு முன்னால், அம்மா நடையில் இல்லை, அடுப்படியில்தான் இருக்கிறாள் என்று உறுதி செய்துகொள்ளப் பின்சந்துக்குப் போனாள்.

ஜன்னலில் அம்மா இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மகள் கூப்பிட்டாள், கத்தினாள், கம்பியைத் தட்டினாள். தையல்காரரும் மடியிலிருந்த சட்டையோடு ஓடிவந்து, மனைவியை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "ஏய்... இந்தா... அடியேய்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அழுத்து இப்பவே. நடை சுருங்கிச்சுன்னா அவ தானா பக்கத்துல வந்துடுவா" என்றார்.

"நடுவுல எங்கயாவது விழுந்து கிடந்தா? நடையே இல்லாம போச்சுன்னா அம்மா எங்க இருப்பா?"

 யாராவது உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். அவர்தான் முதலில் போனார். கொஞ்ச நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, "அது போய்க்கிட்டே இருக்கு" என்று மட்டும் சொன்னார். மகள் பழக்க தோஷத்தில் போனை எடுத்துக்கொண்டு, ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடினாள். "நீங்கள் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்துவிட்டீர்கள்" என்றது குரல். அப்போதுதான் புரிந்தது: அவள் ஓட ஓட, ஓடிய அளவு நடையும் முன்னால் நீண்டுகொண்டே போகிறது. போனோடு போனால் ஆயுசுக்கும் அம்மாவை எட்ட முடியாது. திரும்பி நடந்து வந்தாள். போனை அலமாரியில் வைத்தாள். திரும்பி வந்த அந்த ஒரு கிலோமீட்டரையும் எண்ணி, அது பதின்மூன்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

குரல் இல்லாமல் அவள் இதுவரை ஓடியதில்லை. ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் குழம்பிவிட்டது. பக்கத்தில் பச்சைச் சுவர், மேலே கூரையில் ஒரு கண்ணாடிச் சதுரம், அதிலிருந்து கீழே விழும் வெளிச்சம். தாண்டினால் மறுபடி பச்சைச் சுவர், மறுபடி கண்ணாடிச் சதுரம். ஒரு காலத்தில் அந்த நடையில் ஒரே ஒரு கண்ணாடிதான் இருந்தது. இப்போது அதுவே எல்லா இடத்திலும் இருந்தது. சுவரில் ஒரு கீறல், தலைமுடி மாதிரி, கூடவே வந்தது. வேகமா, மெதுவா? பாதி வந்தாயிற்றா, இப்போதுதான் கிளம்பினாளா? முன்னால் ஓடுகிறாளா, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைக்கிறாளா? சொல்ல ஆளில்லை. நீங்கள் என்று கூப்பிட ஆளில்லாதபோது அவள் வெறும் ஒரு மூச்சாகவும் இரண்டு காலாகவும் இருந்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடலாம் என்பது தெரிந்தது. பிறகு அழுகை தானாக நின்று, கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் அவள் எப்போதும் ஓடியதில்லை. ஆனால் அது எவ்வளவு தூரம் என்று தெரியாததால் அவளுக்குப் பயப்படவும் தெரியவில்லை.

எங்கிருந்தோ ஒரு பாட்டு கேட்டது. ரேடியோ என்று நினைத்தாள். கனமான, கரகரப்பான, கொஞ்சம் சுருதி விலகிய ஒரு பெண் குரல், ஒரு அடியைப் பாடி, இழுத்து, அடுத்த அடிக்குப் போனது. யாருடையது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஓடினாள். ஒரு கண்ணாடிச் சதுரத்துக்குக் கீழே முக்காலி போட்டு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் தலையணையும் வைத்துக்கொண்டு, காலை நீட்டி அம்மா உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கையைக் காட்டி இரு என்று சொல்லிவிட்டு, பாட்டை முடித்தாள்.

"ஏம்மா பதிலே சொல்லல? கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டை கிழிஞ்சுபோச்சு."

"இங்க கேக்காதுடி. அதான் இங்க உக்காந்திருக்கேன்."

"உடம்புக்கு என்ன?"

"நல்லா இருக்கேன். அதான் எனக்கே குழப்பமா இருக்கு." அம்மா செம்பை நீட்டினாள். "அன்னைக்கு டீ எடுத்துட்டு வரும்போது கவனிச்சேன். அடுப்படிலேர்ந்து ஒரு தூரம் வந்துட்டா ஜன்னல்ல கூப்பிடறது கேக்கல. அந்தப் பக்கம் மெஷின் சத்தமும் கேக்கல. ரெண்டுக்கும் நடுவுல இப்படி ஒரு இடம். கொஞ்சம் உக்காரலாம்னு உக்காந்தேன். தினமும் வேலைய முடிச்சுட்டு வந்துடுவேன். இன்னைக்குக் கொஞ்சம் அசந்துட்டேன்."

மகள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பொத்தானைப் பற்றி, செல்கடைக்காரர் சொன்னதைப் பற்றி, அப்பா வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். "நீ சொல்லும்மா. நிறுத்தட்டுமா?"

"என்னையா கேக்கறே?"

"வேற யாரக் கேக்கறது? நீதானே உள்ள இருக்கே."

அம்மா தன்னைத்தான் கேட்கிறாளா என்று ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே நாய்கூட இல்லை. "நிறுத்தாதே" என்றாள். பிறகு மகளின் நெற்றியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, "எவ்ளோ தூரம் ஓடி வந்திருக்கே?" என்று கேட்டாள்.

"தெரியல. போன்காரிய விட்டுட்டு வந்துட்டேன்."

"சொல்ல ஆள் இல்லாமலா இவ்ளோ தூரம் வந்தே? அப்ப அந்த மைதானம் உனக்கு ஒரு விஷயமா?"

இருவரும் முன்னறைக்கு நடந்தார்கள். தையல்காரர் வாசல்படி நாற்காலியில் பழையபடி உட்கார்ந்திருந்தார்; மடியில் சட்டை, கையில் ஊசி, ஆனால் நூல் கோக்கவில்லை. மனைவியைக் கண்டதும் பயம் முழுக்கக் கோபமாக மாறியது. எங்கே போய்த் தொலைந்தாய், ஊரே கூடிவிட்டது, இவள் ஓட்டத்தால்தான் இத்தனையும், இன்றோடு எல்லாத்தையும் என்று அவர் அந்தச் சொல்லுக்கு வந்துகொண்டிருந்தார். அதற்குள் அம்மா அதைச் சொல்லிவிட்டாள்.

"நிறுத்துங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த வீட்டில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து போய்த்தான் பழக்கம். அவரை நோக்கி வந்ததில்லை. அதுவும் இப்படி மரியாதையோடு வந்ததால் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. "என்ன சொன்னே?" என்றார். "புள்ள பரீட்சைக்குப் போகணும். நாற்காலிய அந்தப் பக்கம் போடுங்க" என்றாள் அம்மா. அவர் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் வைப்பது என்று கொஞ்ச நேரம் அதைச் சுமந்துகொண்டே நின்றார்.

தேர்வு மைதானத்தின் வாசலில் செல்போன்களை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டார்கள். குரலைப் பறிகொடுத்த பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இவள் போனைக் கொண்டுவரவே இல்லை. விசில் ஊதியதும் ஓடினாள். எத்தனாவது சுற்று என்பதுகூட நடுவில் மறந்துவிட்டது. மறந்ததும் அம்மா பாடிய பாட்டின் அடுத்த அடி ஞாபகம் வந்தது. முடிந்தது என்று யாரோ தோளைத் தொட்டு நிறுத்திய பிறகும் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றாள். வேலை கிடைத்தது. வேறு ஊர், வேறு அறை. பயிற்சியில் ஏணி ஏறினாள், தீக்குள் போய் வந்தாள், சம்பளத்தில் முதலில் வேறொரு போன் வாங்கினாள். அத்தை மகன் வீட்டு மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, இரண்டு குழந்தைகளும் ஆயிற்று. எதிர்வீட்டு அக்கா இப்போதும் ஓடுகாலி என்றுதான் சொல்கிறாள். "எங்க ஓடுகாலி போன மாசம் மூணு மாடி ஏறி ஒரு கிழவர முதுகுல தூக்கிட்டு வந்துட்டா தெரியுமா" என்று கடைத்தெருவில் நின்று சொல்கிறாள்.

பழைய போன் அம்மாவிடம் இருக்கிறது. மகள் தன் கட்டைவிரலோடு அம்மாவின் கட்டைவிரலையும் அதில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா பாத்திரம் கழுவி முடித்ததும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு நடையில் இறங்குவாள். முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டதும் அவள் ஜன்னலுக்கு ஓடிவந்து, எதிரில் யாரும் இல்லாததால் சாக்கடைப் பக்கமாகப் பார்த்து, "என்னையும் நீங்கன்னுதான் சொல்றா" என்றாளாம். அவள் நடக்கிற அளவு நடையும் முக்காலிக்கு அந்தப் பக்கம் நீண்டுகொண்டு வருகிறது. அடுப்படிப் பக்கத்திலிருந்து எத்தனை கண்ணாடிச் சதுரம் தாண்டினால் தன் முக்காலி என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அவளுடைய நிமிஷம் இன்னும் இருபதுக்குக் குறையவில்லை. குறையாதவரை நல்லது என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டு வரிக்கு அளக்க வந்தவர் வெளியிலிருந்தே நாடாவைப் பிடித்து, எப்போதும் போட்ட அளவையே போட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "காத்தோட்டமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரர் தினமும் காலையும் மாலையும் பின்சந்துக்குப் போகிறார். சாக்கடைமேல் ஒரு பலகை போட்டு, உட்கார ஒரு சின்ன பெஞ்சும் அடித்துக்கொண்டார். அம்மா ஜன்னலில் இருந்தால் டம்ளர் வரும். இல்லாவிட்டால், உள்ளே எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்து காத்திருப்பார். கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் கேட்காது. சில நாள் காற்று இந்தப் பக்கம் வீசும்போது பாட்டு லேசாகக் கேட்கும். யார் பாடுவது என்று அவருக்கும் முதலில் பிடிபடவில்லை. கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, கம்பிக்குள் பார்க்காமல், "இன்னைக்கு எவ்ளோ?" என்று கேட்பார். அம்மா தூரத்தைச் சொல்வாள். நூல்கண்டு விலையைக் கேட்டுக்கொண்டவர்போல் ஒரு முறை தலையாட்டிவிட்டு, டம்ளரைக் கம்பி வழியாக நீட்டிவிட்டு, கடைக்குத் திரும்பிப் போவார்.